தோட்டாவை வீட்டில் அடைத்தால் காசு மிஞ்சுமா?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஆறுதலாகக் கதைக்கலாம். சுட்டு முடிந்த தோட்டாவின் கோதை, அதாவது வெற்று உறையை எடுத்து, அதற்குள் திரும்பவும் வெடிமருந்தும் ஈயச் சன்னமும் போட்டு அடைத்தால், கடையில் புதுத் தோட்டா வாங்குவதைவிட மலிவாக வருமா? 12 போர் என்கிற பெரிய குழாய்த் துவக்கு என்றால், கடையில் இருக்கும் ஆக மலிவான தோட்டாவோடு ஒப்பிட்டால், மிஞ்சுவது தேத்தண்ணிக் காசுதான். 410 என்கிற சின்னக் குழாய்த் துவக்கு என்றால் பாதிக்கு மேல் மிஞ்சும். இரண்டுக்கும் ஒரே மாதிரி மெஷின், ஒரே ஈயம், அடைப்பதும் ஒரே ஆள். பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதைத்தான் எழுத வந்தேன்.

திருகோணமலையில் இருந்துகொண்டு இதை எழுதுகிற என்னிடம் துவக்கும் இல்லை, தோட்டாவும் இல்லை. என்.சி. வீதிப் பக்கம் மீன்பிடிச் சாமான் விற்கும் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். வலை, தங்கூசி, தூண்டில், கயிறு, மிதவை, ஈயம் இவைதான் என் உலகம். ஆனால் என் அத்தை மகன் அமெரிக்காவில், ஒகாயோ மாநிலத்தில் இருக்கிறான். அவனுக்குச் சனி, ஞாயிறு என்றால் மண்தட்டு சுடுகிற பைத்தியம். மெஷின் ஒன்று மண்தட்டை ஆகாயத்தில் வீசும், இவன் அதைச் சுட்டு உடைப்பான். ஒரு சுற்றுக்கு 25 தட்டு, அதற்கு 25 தோட்டா, அதுதான் ஒரு பெட்டி. ஊருக்கு வந்து நிலாவெளியில் குளித்துவிட்டு உட்கார்ந்தால் கதை அங்கேதான் போய் முடியும்.

"நான் வீட்டிலதான் அடைக்கிறன் மச்சான். பாதிக் காசுதான் போகுது" என்றான்.

பாதிக் காசு என்று யாராவது சொன்னால் எனக்குக் கை சும்மா இராது. "பில் எல்லாத்தையும் அனுப்பு, நான் பாக்கிறன்" என்றேன். அனுப்பினான். ஈயம், மருந்து, பிறைமர், வாட், மெஷின் எல்லாவற்றுக்கும் பில் இருந்தது. 2019 இல் வாங்கியதும் இருந்தது, அண்மையில் வாங்கியதும் இருந்தது.

கணக்குக்குப் போக முன் இன்னொன்று. இதை வாசித்துவிட்டு இங்கே யாரும் செய்து பார்க்க நினைக்க வேண்டாம். 1916 இல் வந்த சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1956 இன் வெடிபொருள் சட்டமும் இந்த நாட்டில் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. அனுமதியில்லாமல் வெடிமருந்து வைத்திருப்பதே குற்றம். சுடுகிற இடத்தில் நிலத்தில் கிடக்கும் வெற்றுக்கோதுகளைப் பை பையாகப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோவேன் என்று மச்சான் சாதாரணமாகச் சொன்னபோது, பக்கத்தில் இருந்த அம்மா ஒருமுறை வாசலைப் பார்த்தார். இந்த ஊரில் ஒரு காலத்தில் ஒரு கோது சட்டைப் பையில் இருந்தால் அதற்கு எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பது அவருக்குத் தெரியும். ஒகாயோவில் அது குப்பை, இல்லாவிட்டால் மூலப்பொருள்.

சரி, தோட்டாவைப் பிரித்துப் பார்ப்போம். வெளியே பிளாஸ்ரிக் கோது, அடியில் உலோகத் தொப்பி. தொப்பியின் நடுவில் பிறைமர். துவக்கின் ஊசி அதில் அடித்தால் தீ பிறக்கும். அதற்கு மேலே மருந்து. மருந்துக்கு மேலே வாட் என்கிற பிளாஸ்ரிக் கிண்ணம். கிண்ணத்துக்குள் சின்னச் சின்ன ஈயச் சன்னங்கள். கோதின் வாயை ஆறு மடிப்பாகவோ எட்டு மடிப்பாகவோ மடித்து மூடினால் வேலை முடிந்தது. ஒருமுறை சுட்ட பிறகு மருந்து, சன்னம், வாட், பிறைமர் நான்கும் போய்விடும். மிஞ்சுவது கோது மட்டும். ஆகவே வீட்டில் அடைக்கிறவனுக்கு இலவசமாகக் கிடைக்கும் பொருள் அது ஒன்றுதான். மற்ற நான்கையும் அவன் ஒவ்வொரு முறையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பலர் இந்த இடத்தைத்தான் கவனிப்பதில்லை. பழைய தோட்டாவைத் திரும்பப் பாவிக்கிறோம் என்று சொல்கிறார்கள். பாவிப்பது பழைய உறையை.

அந்த உறையும் எல்லாம் ஒரு தரமில்லை. வின்செஸ்டர் கொம்பனி 1965 இல் கொண்டுவந்த ஏஏ வகைக் கோதை அடைக்கிறவர்கள் தங்கம் போலப் பார்க்கிறார்கள். பல தடவை அடைத்தாலும் வாய் கிழியாது. மலிவுப் பெட்டியில் வரும் கோதுகள் சில தடவையிலேயே வாய் வெடித்துவிடும். அடியில் பித்தளைக்குப் பதிலாக இரும்புத் தொப்பி போட்டதாக இருந்தால் மெஷினில் பழைய அளவுக்குக் கொண்டுவருவதும் கஷ்டம். ஆகவே நல்ல கோது வேண்டுமென்றால் முதலில் விலை கூடிய தோட்டாவை வாங்கிச் சுட வேண்டும், அல்லது அப்படிச் சுடுகிற மற்றவர்களின் காலடியில் பொறுக்க வேண்டும். மச்சான் இரண்டாவது கட்சி.

நான்கு பொருளிலும் விலையில் பெரியது ஈயம். அதன் விலை எனக்கு அங்கே கேட்டுத் தெரிய வேண்டியதில்லை. வீச்சு வலைக்கும் கரைவலைக்கும் ஈயம் கோர்க்காமல் முடியாது. எங்கள் கடைக்கு வருவது பழைய பற்றரி உருக்கிய ஈயம். ஆனால் அதன் விலையும் லண்டன் உலோகச் சந்தையின் விலைக்குப் பின்னால்தான் ஓடும். 2003 இல் ஒரு தொன் ஈயம் 500 டொலர் மட்டில் இருந்தது. 2007 ஒக்டோபரில் 3,500 டொலரைத் தாண்டியது. உலகத்தில் எடுக்கும் ஈயத்தில் எண்பது வீதத்துக்கு மேல் பற்றரிக்குப் போகிறது. சீனா வாகனமும் மின்சைக்கிளுமாக வாங்கிக் குவித்த காலம் அது. போதாக்குறைக்கு மேற்கு அவுஸ்திரேலியாவில் எஸ்பரன்ஸ் என்ற துறைமுக ஊரில் பறவைகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. துறைமுகத்தில் கப்பலேற்றிய ஈயத்தின் தூசிதான் காரணம் என்று கண்டுபிடித்து ஏற்றுமதியை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சுரங்கத்தின் ஈயம் சந்தைக்கு வராமல் போனதும் விலை இன்னும் ஏறியது. அதே காலத்தில் இங்கே யுத்தத்தால் கடலுக்குப் போகத் தடையும் பாஸும். வலைக்கு ஈயம் வாங்க ஆளில்லாத நேரத்தில் ஈயம் ஆகாயத்தில் நின்றது. அந்த வருடத்துக் கணக்குப் புத்தகத்தை இப்போது எடுத்துப் பார்த்தாலும் விசித்திரமாக இருக்கும்.

இதைத் தோட்டாவுக்குக் கொண்டுவருவோம். அமெரிக்காவில் சன்னம் 25 இறாத்தல் பையாக விற்கிறது, அதாவது 11.3 கிலோ. தொன் 500 டொலர் என்றால் அந்தப் பைக்குள் இருக்கும் ஈயத்தின் பெறுமதி 6 டொலருக்கும் குறைவு. தொன் 2,000 டொலர் என்றால் 22 டொலருக்கு மேல். உருக்கி, உருட்டி, பையில் போட்டு, லொறியில் ஏற்றும் செலவெல்லாம் அதற்கு மேலேதான். வீட்டில் அடைத்தால் பாதிக் காசு என்ற பேச்சு முழுப் பொய்யில்லை, அது ஈயம் 500 டொலர் விற்ற காலத்துப் பேச்சு. 2007 க்குப் பிறகு ஈயம் அந்த விலைக்குத் திரும்பவே இல்லை. கதை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இந்தச் சன்னத்தை எப்படி உருட்டுகிறார்கள் என்பது ஒரு தனிக் கதை. பிரிஸ்டல் நகரத்தில் வில்லியம் வாட்ஸ் என்ற குழாய் வேலைக்காரர் 1782 இல் அதற்குக் காப்புரிமை எடுத்தார். உருக்கிய ஈயத்தை உயரத்தில் இருந்து சல்லடை வழியாக ஊற்றினால் விழும் வழியிலேயே துளி உருண்டையாகிவிடும், கீழே தண்ணீரில் விழுந்து இறுகிவிடும். அதற்காகவே தன் வீட்டை மேலே உயர்த்திக் கட்டினார். சன்னம் கெட்டியாக இருக்க ஈயத்தோடு கொஞ்சம் அந்திமனி சேர்ப்பார்கள். 2024 இல் சீனா அந்திமனி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் அதன் விலையும் எகிறியது. மண்தட்டு உடைக்கிற ஒருவனின் செலவுக்குள் எத்தனை நாட்டுச் சங்கதி இருக்கிறது பாருங்கள்.

இனி பில். 2019 இல் மச்சான் வாங்கியது: சன்னம் ஒரு பை 40 டொலர். தோட்டாவுக்கு ஒரு அவுன்ஸ் போட்டால் ஒரு பையில் 400 தோட்டா. மருந்து ஒரு இறாத்தல் 18 டொலர், அதிலும் ஏறக்குறைய 400 தோட்டா. பிறைமர் ஆயிரம் 32 டொலர். வாட் 500 க்கு 11 டொலர். இதை ஒரு பெட்டிக்குப் பிரித்தால் ஈயம் 2.50, மருந்து 1.13, பிறைமர் 0.80, வாட் 0.55. கூட்டினால் 5 டொலருக்கு ஓரிரு சதம் குறைவு. அதே நேரம் பெரிய கடையில் 100 தோட்டா கொண்ட மலிவுப் பெட்டியை 23 டொலருக்கு வாங்கியிருக்கிறான். 25 க்கு 5.75. பாதிக் காசு என்றவனுக்கு மிஞ்சியது 77 சதம்.

2020 இல் பெருந்தொற்று வந்தது. அமெரிக்காவில் கடைத்தட்டில் தோட்டாவே இல்லை, பிறைமர் அதைவிட இல்லை. பிறகு விலைகள் இறங்கின, ஆனால் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. உக்ரைன் யுத்தத்தால் பீரங்கிக் குண்டுக்கு நைட்ரோசெலுலோஸ் தேவை கூடியது. துவக்கு மருந்தும் அதில்தான் செய்வது. அண்மைய பில்லில் சன்னம் 55 டொலர், மருந்து 35, பிறைமர் 80, வாட் 15. ஒரு பெட்டிக்கு 3.44, 2.19, 2.00, 0.75. மொத்தம் 8.38. கடையில் 100 தோட்டா 35 டொலர், 25 க்கு 8.75. மிச்சம் 37 சதம்.

இந்த 37 சதத்தை வைத்துக்கொண்டு மெஷினுக்கு வருவோம். அவன் வைத்திருப்பது கைப்பிடியை இழுத்து ஒன்றொன்றாக அடைக்கும் மெஷின், 250 டொலர். அந்தக் காசு திரும்பி வர 667 பெட்டி அடைக்க வேண்டும், அதாவது பதினாறாயிரத்துச் சொச்சம் தோட்டா. அதற்குள் அவன் தோள் தேய்ந்துவிடும். மருந்தும் பிறைமரும் கூரியரில் எடுப்பித்தால் ஆபத்தான பொருள் என்று தனியாக ஒரு கட்டணம் போடுவார்கள். அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் மச்சானுக்கு என்னோடு கோபம் வரும்.

அப்புறம் நேரம். பழகிய கை மணித்தியாலத்துக்கு நாலைந்து பெட்டி அடைக்கும். ஐந்து என்றே வைப்போம். ஐந்து பெட்டிக்கு மிச்சம் 1.87 டொலர். அமெரிக்க மத்திய அரசின் அடிமட்டக் கூலி 2009 இல் இருந்து மணித்தியாலத்துக்கு 7.25. சட்டப்படி யாருக்கும் கொடுக்க முடியாத சம்பளத்துக்கு அவன் தன் வீட்டுக் கராஜில் தனக்குத்தானே வேலை செய்கிறான். இதைச் சொன்னபோது, "அது வேலையில்ல மச்சான், பொழுதுபோக்கு" என்றான். நியாயம். பொழுதுபோக்கு என்றால் அதற்குக் கணக்கே வேண்டாம். ஆனால் காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிப் போட்டுத்தானே கராஜுக்குள் போகிறான்? இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஒப்பிடுவது எதனோடு என்பதும் இருக்கிறது. வீட்டில் அடைக்கிறவர்கள் தங்கள் தோட்டாவைக் கடையின் மலிவுப் பெட்டியோடு ஒப்பிடுவதை ஒத்துக்கொள்வதில்லை. "நான் செய்யிறது ஏஏ தரம், அது பெட்டி 12 டொலர்" என்பார்கள். 12 டொலர் தோட்டாவைத்தான் அவர்கள் வாங்குவார்கள் என்றால் மிச்சம் மூன்றரை டொலருக்கு மேல், அது கதைக்கத்தக்க காசு. ஆனால் மெஷின் இல்லாத நாளில் மச்சான் எதை வாங்கினான் என்று பில்லைப் பார்த்தால் எல்லாம் மலிவுப் பெட்டிதான். வாங்காத பொருளின் விலையில் இருந்து மிச்சம் கணக்குப் பார்த்தால் யாரும் பணக்காரன்தான். எங்கள் கடைக்கு வருகிற சிலரும் ஜப்பான் தூண்டில் வாங்காமல் விட்டதால் மிஞ்சிய காசைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள்.

இனி 410. பெரும்பாலான துவக்குகளுக்குப் போர் எண் என்பது ஈயத்தில் இருந்து வருகிறது. ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டையாக உருட்டினால் அதில் ஓர் உருண்டை எந்தக் குழாய்க்குள் சரியாக நிற்குமோ அது 12 போர், குழாயின் அகலம் 18.5 மில்லிமீற்றர். 410 மட்டும் வேறு, அது அங்குலக் கணக்கு. 0.410 அங்குலம், பத்து மில்லிமீற்றர் சொச்சம். சின்னத் தோட்டா. சன்னம் அரை அவுன்ஸ்தான். ஒரு பையில் 800 தோட்டா அடைக்கலாம். மச்சானின் இன்றைய விலைப்படி ஒரு பெட்டிக்கு ஈயம் 1.72, மருந்து 1.75, பிறைமர் 2.00, வாட் கொஞ்சம் விலை கூட என்பதால் 0.90. மொத்தம் 6.37. கடையில் 410 ஒரு பெட்டி 17 டொலர். மிச்சம் பத்தரை டொலருக்கு மேல். மெஷின் காசு 24 பெட்டியில் திரும்பிவிடும். வேலை கொஞ்சம் நுணுக்கம் என்று மணித்தியாலத்துக்கு நாலு பெட்டி வைத்தாலும் 40 டொலருக்கு மேல் கூலி. அங்கே பல வேலைக்கு இந்தச் சம்பளம் இல்லை.

ஈயம் பாதி, விலை இரண்டு மடங்கு. இதென்ன நியாயம் என்று கேட்டேன். நியாயமில்லை, எண்ணிக்கை. 12 போர் தோட்டா கோடிக்கணக்கில் ஓடுகிறது. தொழிற்சாலை ஈயத்தைத் தொன் கணக்கில் வாங்கி, பிறைமரைத் தானே செய்து, இரவு பகலாக ஒரே அளவை அடித்துத் தள்ளுகிறது. அந்த விலையோடு ஒரு மனிதன் கராஜில் இருந்து போட்டி போட முடியாது. 410 க்கு வாங்குகிறவர் குறைவு, மெஷினை மாற்றிப் பூட்டிக் கொஞ்சமாகச் செய்கிறார்கள், ஆகவே விலை. எங்கள் ஊரில் ரெடிமேட் சட்டை வந்த பிறகு தைத்துப் போடுவது மலிவில்லை என்று ஆனது போலத்தான். ஆனால் பொருத்தமான அளவு கடையில் இல்லாதவருக்கு இன்றைக்கும் தையற்காரர்தான் மலிவு.

சரி, அந்தச் சின்னத் தோட்டாவை யார் பெட்டி பெட்டியாகச் சுடுவார்? ஸ்கீட் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. 1920 களில் மசாசுசெட்ஸ் மாநிலத்தின் அண்டோவரில் வேட்டைக்காரர்கள் சிலர் பயிற்சிக்காகத் தொடங்கியது. அமெரிக்க ஸ்கீட் போட்டியில் 12, 20, 28, 410 என்று நாலு அளவுத் துவக்குக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. எல்லாப் பிரிவிலும் நிற்க வேண்டும் என்றால் 410 ஐச் சுட்டே ஆகவேண்டும், அதற்குப் பயிற்சியும் வேண்டும். நிறையச் சுட வேண்டும், சுடுவதும் விலை கூடிய தோட்டாவாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகச் சேரும் இடத்தில்தான் அடைக்கும் மெஷின் காசு தரும். 28 போரும் ஏறக்குறைய இதே கதை. 20 போர் 12 இன் பக்கம்தான் நிற்கிறது.

இதில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது என்பதை எனக்கு விளக்கியது தம்பலகாமத்துப் பெரியப்பா. அவருக்கு ஸ்கீட் என்றால் என்னவென்றே தெரியாது. அவருக்குத் தெரிந்தது வயலும் பன்றியும். எண்பதுகளுக்கு முன் வீட்டில் உரிமத்தோடு துவக்கு இருந்தது. நாடு குழம்பியதும் அதைக் கையளித்ததோடு சரி, பிறகு அந்த வீட்டுக்குத் துவக்கு வரவில்லை. அதற்கு முந்திய தலைமுறையில் இருந்தது இடியன். அதில் எல்லாமே வீட்டில் அடைப்பதுதான். வாய்ப்பக்கத்தால் மருந்தைப் போட்டு, தேங்காய்த் தும்பை வைத்து இடித்து, ஈயத்தைப் போட்டு, திரும்பவும் தும்பு, கடைசியில் தீ கொடுக்கும் கேப்பு. கோது என்று ஒன்று இல்லவே இல்லை. ஒரு வெடிக்குச் செலவு மிகவும் குறைவு. அப்படியிருந்தும் அப்பப்பா ஏன் காசைக் கொடுத்து 12 போருக்கு மாறினார் என்று கேட்டேன்.

"மாரியில இடியன் வெடிக்குமோ வெடிக்காதோ தெரியாது தம்பி. பன்றி நிக்கேக்க சீறிப் போட்டு நிண்டா, விடிய வயல் இல்லை" என்றார்.

"அப்ப வருஷத்துக்கு எத்தினை தோட்டா முடியும்?"

"ஒரு பெட்டி வாங்கினா ரெண்டு வருஷம் கிடக்கும். பால்மாப் பேணிக்குள்ள போட்டு அடுப்படியில வைக்கிறது. அப்பேக்க கடதாசித் தோட்டா, ஈரம் பிடிச்சா ஊதிப்போய் குழாய்க்குள்ள போகாது."

பன்றிக்குப் போடுவது எஸ்.ஜி. ஒரு அவுன்சுக்கு எட்டே எட்டு உருண்டை வரும் பெரிய சன்னம். அந்தத் தோட்டா அன்றைக்கும் விலைதான், அமெரிக்காவில் இன்றைக்கும் மண்தட்டுத் தோட்டாவைவிடப் பல மடங்கு விலைதான். ஒரு தோட்டாவுக்குள் எவ்வளவு மிஞ்சும் என்று பார்த்தால் வீட்டில் அடைப்பதில் பெரிய லாபம் இருக்கும். ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒரு பெட்டி சுடுகிறவருக்கு அந்த லாபம் மெஷினின் கைப்பிடிக்கும் காணாது. மச்சானிடம் எண்ணிக்கை இருக்கிறது, விலை இல்லை. பெரியப்பாவிடம் விலை இருந்தது, எண்ணிக்கை இல்லை. பெரியப்பாவின் கணக்கில் தோட்டா விலை ஒரு பொருட்டே இல்லை. உரிமத்தை வருடா வருடம் புதுப்பிக்க அலைவதும், காவல் கொட்டிலில் முழிப்பதும், வெடிக்காத ஒரு தோட்டாவால் போகும் நெல்லும்தான் செலவு. அவருக்கு மலிவு என்பது நம்பி வைக்கக்கூடிய தோட்டா. இப்போது அந்தப் பக்கம் பன்றியைவிட யானைத் தொல்லைதான் பெரிது. வனஜீவராசிகள் திணைக்களம் கொடுக்கும் யானை வெடியை வைத்துக்கொண்டு காவல் இருக்கிறார்கள். பயிரை அழிக்கும் குரங்கையும் மயிலையும் எண்ண 2025 மார்ச் 15 காலையில் நாடு முழுக்க ஐந்து நிமிடம் ஒதுக்கினார்களே, அன்று பெரியப்பா எண்ணி முடிக்க முதலே நேரம் முடிந்துவிட்டதாம்.

பில்லில் வராத செலவு ஒன்றும் இருக்கிறது. ஈயம் நஞ்சு. சன்னத்தைக் கையால் அள்ளுவதிலும் மெஷினைச் சுற்றி விழும் தூசியிலும் அது இருக்கிறது. சுட்ட கோதில் ஒட்டியிருக்கும் பிறைமர்க் கரியிலும் ஈயம் உண்டு. மச்சான் கராஜுக்குள் சாப்பிடுவதில்லை, பிள்ளைகளை விடுவதில்லை, வெளியே வந்ததும் கை கழுவுகிறான், இடைக்கிடை இரத்தத்தில் ஈயம் பார்க்கிறான். எங்கள் ஊரில் பற்றரியை உடைத்து வீட்டு முற்றத்தில் ஈயம் உருக்குகிற இடங்களில் இதில் பாதிக் கவனம்கூட இல்லை, புகைக்குள் குழந்தைகள் விளையாடுவதை நானே பார்த்திருக்கிறேன். கடைக்கு ஈயம் வாங்கும்போது யாரிடம் வாங்குகிறோம் என்று பார்க்க வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

மருந்து விஷயத்தில் மச்சான் கண் மதிப்பு என்ற பேச்சுக்கே இடம் கொடுப்பதில்லை. எந்தக் கோதுக்கு எந்தப் பிறைமர், எந்த மருந்து, எந்த வாட் என்று மருந்துக் கொம்பனிகள் சோதித்துப் பார்த்து வெளியிட்ட அட்டவணை இருக்கிறது. அதில் ஒன்றை மாற்றினாலும் குழாய்க்குள் அழுத்தம் மாறும். சோர்ந்த நேரத்திலும், கதைத்துக்கொண்டும், தொலைபேசி பார்த்துக்கொண்டும் அடைக்க மாட்டான். வாட் மலிவாகக் கிடைக்கிறதே, மாற்றிப் போட்டால் என்ன என்று நான் கேட்டதற்கு, "நீ வலைக்கு ஈயத்தை மாத்து, இதுக்க வராதை" என்றான். சரிதான்.

அவன் பக்கத்துக்கும் ஒரு நல்ல வாதம் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு அவுன்சும் அதற்கு மேலும். தோளில் நன்றாக அடிக்கும். அவன் தனக்கும் மகளுக்கும் முக்கால் அவுன்சும் எட்டில் ஏழு அவுன்சும் போட்டு மெதுவான தோட்டா அடைக்கிறான். பக்கத்தில் இருந்து சுடுகிற தட்டுக்கு அது போதும். எட்டில் ஏழு என்றால் ஒரு பையில் 457 தோட்டா, ஈயச் செலவு பெட்டிக்கு 3 டொலராக இறங்கும். மிச்சம் 37 சதத்தில் இருந்து 80 சதம் ஆகும். காசைவிட, மகள் தோள் நோகாமல் சுடுகிறாள் என்பதுதான் அவனுக்கு முக்கியம். அந்தத் தோட்டா அவன் ஊர்க் கடையில் கிடைப்பதில்லை. இதை அவன் முதலே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு கணக்குப் போட்டிருக்க மாட்டேன். பாதிக் காசு என்று சொன்னதுதான் வில்லங்கம்.

இன்னொன்றும் பில்களில் தெரிந்தது. மெஷின் வாங்க முதல் அவன் மாதத்துக்குச் செலவழித்ததும் வாங்கிய பிறகு செலவழிப்பதும் ஏறக்குறைய ஒரே தொகை. விலை குறைந்த காலத்தில் அந்தக் காசுக்குக் கூடச் சுட்டிருக்கிறான், அவ்வளவுதான். இப்படி ஆகும் என்று அந்த விளையாட்டில் உள்ளவர்கள் எல்லாருக்குமே தெரியுமாம், யாரும் வீட்டில் சொல்வதில்லையாம்.

கடைசியில் என் கணக்கை ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். 12 போரைக் கடையில் மலிவுப் பெட்டியாக வாங்கு, மெதுவான தோட்டாவை மட்டும் மகளுக்காக அடை, 410 ஐ ஒன்றும் யோசிக்காமல் அடை, 12 போருக்கு மேலதிகமாக வைத்திருக்கும் இரண்டாவது மெஷினை வில் என்று. மற்ற எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டான். மெஷினை விற்க மனமில்லை.

"2020 மாதிரித் திரும்பவும் கடையில தோட்டா இல்லாமப் போனா?" என்றான்.

அமெரிக்காவில் பிறைமரைப் பெருமளவில் செய்யும் கொம்பனிகளை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம். தோட்டா செய்கிறவர்களும் அவர்கள்தான். தட்டுப்பாடு வந்தால் பிறைமரை முதலில் தங்கள் சொந்தத் தோட்டாவுக்குத்தான் போடுவார்கள், மச்சானின் கராஜுக்கு அனுப்ப மாட்டார்கள். 2020 இல் நடந்ததும் அதுதான். தோட்டா இல்லாத நாளில் பிறைமரும் இல்லை, மெஷின் மட்டும் இருந்தது. இதை எழுதி அனுப்பினேன். பார்த்ததற்கு இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை, ஆனால் அடுத்த நாள் ஐயாயிரம் பிறைமர் வாங்கிய பில் ஒன்று வந்தது.